தரவு
ஜவுளி மொத்தக் கடையில் பழைய பேரேடுகளைப் புது மென்பொருளுக்கு மாற்றும் நேரம். "டேட்டா எல்லாம் ஏத்தியாச்சா?" என்று முதலாளி கேட்டால், கடைப்பையனுக்கு மொபைல் ரீசார்ஜ்தான் நினைவுக்கு வருகிறது, டேட்டா இப்போது தீர்ந்துபோகிற சரக்கு. லத்தீனில் அது 'கொடுக்கப்பட்டவை'. யூக்ளிடின் ஒரு நூலுக்கே அந்தப் பெயர் உண்டு. நம் 'தரவு'ம் தருதலில் பிறந்ததே. ஆனால் புதுவார்ப்பு அல்ல, கலிப்பாவின் முதல் உறுப்புக்கு அதுதான் பெயர். உடன்பிறப்புகள் வரவும் செலவும். சங்கப் பாட்டில் செலவு என்றால் பயணம். பொருள் தேடப் புறப்பட்ட தலைவன் போகாமல் நின்றுவிடுவது செலவழுங்கல். இன்று பயணம் உதிர்ந்து, பணம் மட்டும் மிஞ்சியிருக்கிறது (பயணம் போனால் பணமும் போகும், அது வேறு). எனக்கு உறுத்துவது, தரவையும் 'தகவல்' என்றே எழுதுவது. ஒரே வாடிக்கையாளர் எக்செல்லில் சண்முகம், ஷண்முகம், சண்முகம் அண்ணாச்சி என்று மூன்று வரிகளில் கிடந்தால் அது தரவு. மூன்றையும் சேர்த்து அவர் பாக்கி இவ்வளவு என்று சொன்னால்தான் தகவல். திட்ட அறிக்கையில் இரண்டும் ஒன்றாகிவிட்டால், அந்த மூன்று வரிகளை ஒன்றாக்கும் வேலைக்கு யாரும் நாள் ஒதுக்குவதில்லை. பேச்சில் டேட்டா இருந்துவிட்டுப் போகட்டும். அறிக்கையில் தரவு என்றே எழுதுவேன்.