எங்கள் ஊர்ப் பெற்றோர்களும் கடலுக்குப் போகும் சாமியும்

ரிட்டையர் ஆனதும் ஸ்ரீமுஷ்ணத்துக்கே திரும்பி வந்துவிட்ட என்னைப் பார்க்கிறவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "அந்த ஊர்ல அப்படி என்ன சார் இருக்கு?"

நியாயமான கேள்விதான். எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது. ரயில் பிடிக்க வேண்டுமானால் வெள்ளாற்றைத் தாண்டி, சுமார் இருபது கிலோமீட்டர் பஸ்ஸில் போய் விருத்தாசலம் ஜங்ஷனில் நிற்க வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிக்குச் சிதம்பரம், அதற்கும் மேலே என்றால் புதுச்சேரி. தாலுகா தலைநகர் என்ற அந்தஸ்துகூட சில வருஷங்களுக்கு முன்னால் கிடைத்ததுதான். அதுவரை காட்டுமன்னார்கோயில் தாலுகாவில் ஒரு பேரூராட்சி, அவ்வளவே.

ஆனாலும் இந்த ஊரில் பிள்ளை பெற்று வளர்த்த ஒரு தலைமுறை ஊரை விட்டு நகர மறுத்தது. என் அப்பாவும் அம்மாவும் அதில் சேர்த்தி. அவர்களுக்கு இங்கே எது பிடித்திருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். யோசிக்க யோசிக்க அது ஊர்ச் சரித்திரமாகவே விரிந்தது.

வைணவர்கள் 'ஸ்வயம் வ்யக்த க்ஷேத்திரம்' என்று எட்டுத் தலங்களைச் சொல்வார்கள். யாரும் பிரதிஷ்டை செய்யாமல் பெருமாள் தானாகவே தோன்றிய இடங்கள். ஸ்ரீரங்கம், திருமலை, வானமாமலை, பத்ரி, நைமிசாரண்யம், புஷ்கரம், சாளக்கிராமம் என்ற வரிசையில் எங்கள் ஊரும் ஒன்று. மூலவர் பூவராகர், சாளக்கிராமத் திருமேனி. இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு, உடம்பு மேற்கே பார்க்க, முகத்தை மட்டும் தெற்கே திருப்பிக்கொண்டு நிற்கிறார். அசுரனை வென்று பூமியை மீட்டுக் கொண்டுவந்தபோது அவருக்கு வியர்த்த வியர்வைதான் நித்திய புஷ்கரிணி என்றும், கரையில் இருக்கும் அரசமரம் அவர் கண்ணிலிருந்து வந்தது என்றும் தலபுராணம் சொல்கிறது.

அம்மாவுக்குப் பிடித்தது அந்தக் குளக்கரைதான். குழந்தை இல்லாதவர்கள் குளத்தில் முழுகி, அரசமரத்தைச் சுற்றி, கோயிலுக்குள் இருக்கும் குழந்தையம்மன் சன்னதியில் வேண்டிக்கொள்வது எங்கள் ஊர் வழக்கம். கல்யாணமாகி ஏழு வருஷம் சுற்றியவள் அம்மா. அதற்குப் பிறகு பிறந்தவன் நான். அப்படிச் சுற்றுகிற பெண்களை அவள் ஒருநாளும் துருவிக் கேள்வி கேட்க மாட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து பூத்தொடுக்கக் கற்றுக்கொடுப்பாள். பிள்ளை இல்லாதவளை நாலு பேர் நாலு விதமாகப் பேசுகிற காலத்தில், கௌரவமாகப் போய் உட்கார அந்தப் படிக்கட்டு ஒரு இடம் கொடுத்தது. அந்தக் கல்படி செய்த காரியம் சின்னக் காரியம் இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

எங்களுக்கு விளையாட்டு மைதானம் பதினாறு கால் மண்டபம். நாயக்கர் காலத்து வேலை. குதிரை வீரர்களும் யாளிகளும் ஒரே கல்லில் அவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கப்பட்டிருக்கும். கலை விமர்சகர்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். நாங்கள் யாளி வாயில் கைவிட்டு வளர்ந்தவர்கள். ஏழு நிலை ராஜகோபுரத்துக்குள் நுழைந்த பிள்ளை எங்கே போகும்? ஏதாவது ஒரு தூணுக்குப் பின்னால்தான் இருக்கும். பூக்காரம்மா, மடப்பள்ளி ஆள், வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரியவர், எல்லாருடைய கண்ணும் மேலே இருக்கும். வீட்டுக்கு வரும்போது கையில் கோரைக்கிழங்குப் பிரசாதம் இருக்கும். வராகருக்குக் கோரைக்கிழங்கு பிரியம் என்பதால் இந்தக் கோயிலுக்கே உரிய பிரசாதம் அது.

பிழைப்புக்கு என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். கொஞ்சம் நெல், கொஞ்சம் மணிலா, வெள்ளாற்றுக்கு வடக்கே போனால் முந்திரி. நெய்வேலியில் 1956-ல் நிலக்கரி நிறுவனம் வந்தது, சில வீடுகளில் மாதச் சம்பளம் வந்தது. விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் வந்தபோது இன்னும் சிலர் காலை பஸ்ஸில் போய் ராத்திரி பஸ்ஸில் திரும்பினார்கள். பீங்கான் மாவைக் குழம்பாகக் கரைத்துப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றினால், அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஓரத்தில் தோல்போலப் படிந்ததும் மிச்சக் குழம்பைக் கவிழ்த்துவிட்டால் உள்ளே கூடான பொம்மை கிடைக்கும். கொலு பொம்மை, அகல் விளக்கு, பியூஸ் கேரியர் எல்லாம் அங்கே செய்தவைதான். பையன் வேலைக்கும் போனான், ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கும் வந்தான் என்பதில் பெற்றோருக்கு ஒரு நிம்மதி.

ஆனால் அப்பாவைக் கேட்டால் இதையெல்லாம் சொல்ல மாட்டார். "மாசி மகம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்.

மாசி உற்சவத்தில் எங்கள் பூவராகர் ஊரை விட்டுப் புறப்படுவார். வழிநெடுக ஊர் ஊராகத் தங்கி, மண்டகப்படி வாங்கிக்கொண்டு, சிதம்பரத்துக்குக் கிழக்கே கிள்ளைக்குப் போவார். அங்கே முழுக்குத்துறை என்ற மீனவர் கிராமத்துக் கடற்கரையில், மாசி மகத்தன்று தீர்த்தவாரி. வேறு பல ஊர்ச் சாமிகளும் அன்றைக்கு அங்கே வந்து சேருவார்கள்.

கடலுக்குப் போகிற வழியில் கிள்ளை தைக்கால் வரும். அங்கே சையது ஷா ரஹ்மத்துல்லா தர்கா இருக்கிறது. சாமி அந்த இடத்தில் நிற்பார். முஸ்லிம் பெரியவர்கள் மேளதாளத்தோடு எதிர்கொண்டு வந்து, பட்டும் மாலையும் தட்டில் வைத்துக் கொடுப்பார்கள். பட்டாச்சாரியார் அதைச் சாமிக்குச் சாத்திவிட்டு, சாமிக்குச் சாத்திய மாலையை அவர்களுக்குக் கொடுப்பார். அது தர்காவுக்குப் போகும். அங்கே பாத்தியா ஓதுவார்கள்.

இது எப்படி வந்தது என்பதற்கு இரண்டு விதமாகச் சொல்வார்கள். நோயில் கிடந்த ஒரு நவாப்புக்கு ஸ்ரீமுஷ்ணத்துத் தீர்த்தமும் பிரசாதமும் கொடுத்துக் குணமானது, அந்த நன்றிக்கு அவர் நிலங்களை எழுதிவைத்தார் என்பது ஒன்று. கிள்ளைப் பக்கம் தாசில்தாராக இருந்த உப்பு வெங்கட்ராயர் தர்காவுக்கு நிலம் விட்டார், அந்த வருமானத்திலிருந்துதான் சாமிக்கு வரவேற்பு நடக்கிறது என்பது இன்னொன்று. கவனித்தீர்களா? ஒன்றில் முஸ்லிம் கோயிலுக்குக் கொடுக்கிறார். மற்றதில் இந்து தர்காவுக்குக் கொடுக்கிறார். ஊர் இரண்டையும் கைவிடாமல் வைத்துக்கொண்டிருக்கிறது.

அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு அந்தத் தைக்கால் வாசலில் நின்றிருக்கிறார். எதையும் விளக்க மாட்டார். "பாருடா" என்பார், அவ்வளவுதான். நாடு முழுக்க மனசு கெட்டுப்போயிருந்த 1992 டிசம்பருக்கு அடுத்து வந்த மாசியில், முட்டிவலியோடு பஸ் ஏறி, என் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு போனார். திரும்பி வந்து அம்மாவிடம், "மாலை போச்சு" என்று மட்டும் சொன்னார். அம்மா தலையை ஆட்டிவிட்டுக் காப்பி போடப் போனாள்.

பிள்ளை பெற்றவர்களுக்கு ஒரு ஊரில் எது அதிகமாகப் பிடிக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான். நல்ல பள்ளிக்கூடம் வேண்டும், ஆஸ்பத்திரி வேண்டும், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் தான் வாயால் சொல்லிக்கொடுக்கத் தெரியாத நல்ல விஷயத்தை, பிள்ளைக்குக் கண்ணால் காட்ட முடிகிற ஊர் அமைந்துவிட்டால், பெற்றவர்களுக்கு அதைவிடச் சந்தோஷம் கிடையாது. அப்பா அதிகம் படித்தவர் இல்லை. ஒற்றுமை பற்றிப் பேசச் சொன்னால் திணறியிருப்பார். பேச வேண்டிய அவசியமே இல்லாதபடி ஊர் அவருக்கு அந்த வேலையைச் செய்து கொடுத்தது.

இப்போது எங்கள் தெருவில் பாதி வீடுகளில் என்னைப் போன்ற கிழடுகள்தான். சின்ன வயசுப் பெற்றோர்கள் பிள்ளைகள் படிப்புக்காக விருத்தாசலம், நெய்வேலி, சென்னை என்று போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் பெண்ணும் சென்னையில்தான் இருக்கிறாள். "அப்பா, தனியா எதுக்கு அங்க? இங்க வந்துடுங்க" என்று மாதம் ஒருமுறை போனில் சண்டை பிடிக்கிறாள். வயதாகிறது, ஒருநாள் போகத்தான் வேண்டியிருக்கும்.

அதற்கு ஒரு நிபந்தனை போட்டிருக்கிறேன். பேரனுக்கு மாசி மகத்துக்கு லீவு போட்டுக் கூட்டி வர வேண்டும். ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷமாவது வரவேண்டும். அவள் உடனே ஒத்துக்கொண்டாள். தாத்தா கையைப் பிடித்துக்கொண்டு அவள் அங்கே நின்றபோது அவளுக்கு ஐந்து வயது. மறக்கவில்லை போலிருக்கிறது.

நீங்களும் ஒருமுறை வாருங்கள். கோயிலையும் மண்டபத்தையும் எந்த நாளில் வேண்டுமானாலும் பார்க்கலாம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் மாசி மகத்தன்று கிள்ளைக்கு அழைத்துக்கொண்டு போங்கள். தைக்கால் பக்கம் கொஞ்சம் சீக்கிரமே போய் நின்றால்தான் இடம் கிடைக்கும்.