கட்டங்களுக்குள் அடைபட்ட பெயர்கள்: சப்ரகமுவத் தோட்டங்களும் வரைகலைக் கல்வியின் அடிப்படைகளும்

பல்கலைக்கழகங்களில் வரைகலை வடிவமைப்பைக் கற்கப் புகும் மாணவர்க்கு முதலாண்டிலே சில அடிப்படைகள் புகட்டப்படுகின்றன. கோடு, வடிவம், நிறம், எழுத்து, வெற்றிடம், கட்டச் சட்டகம், முதன்மை ஒழுங்கு என அவை வகுத்துரைக்கப்படும். கண் எதனை முதலிற் காணவேண்டும், எதனைப் பின்னர்க் காணவேண்டும், எதனைக் காணாது விடவேண்டும் என்பதைத் தீர்மானிப்பதே இவற்றின் பயனாகும். காலத்துக்கும் இடத்துக்கும் அப்பாற்பட்ட கட்புல விதிகள் போன்றே இவை பெரும்பாலும் கற்பிக்கப்படுகின்றன. ஆயின், எதனை முதலிற் காட்டுவது என்ற வினாவை யாருக்காகக் காட்டுவது என்ற வினாவிலிருந்து பிரித்தல் இயலாது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களை உள்ளடக்கிய சப்ரகமுவவின் பெருந்தோட்டங்களை வரலாற்று நெறிப்பட நோக்குவோர்க்கு இவ்வுண்மை தெளிவாகப் புலனாகும். வடிவமைப்பு என்னும் சொல் அங்கு வழங்குமுன்னரே, வடிவமைப்பு மனிதரை ஆளும் கருவியாகத் தொழிற்பட்டது.

முதற்கண் இக்கல்வியின் தோற்றத்தை நோக்குதல் பொருந்தும். இன்று அடிப்படைப் பாடநெறி என வழங்குவதன் மூலவடிவங்களுள் தலையாயது, 1919 இல் ஜேர்மனியின் வைமார் நகரில் வால்டர் குரோப்பியஸ் தொடக்கிய பௌஹவுஸ் கலைக்கூடத்தில் உருவாயிற்று. அடுத்த ஆண்டிலே மொஸ்கோவில் நிறுவப்பட்ட வ்கூத்தெமாஸ், கலையையும் கைத்தொழில் உற்பத்தியையும் ஒருங்கிணைக்கும் புரட்சிகரக் கல்விக்கூடமாக அமைந்தது. 1925 இல் சமூக ஜனநாயகவாதிகளின் ஆட்சியிலிருந்த வியன்னாவில், சமூக, பொருளாதார அரும்பொருளகத்தை ஒட்டோ நொய்ராத் தொடக்கினார். சாதாரணத் தொழிலாளர் தமது சமூகத்தின் புள்ளிவிவரங்களைப் படங்களின் வாயிலாக விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதே அவரது நோக்கம். தொகை பெருகும்போது உருவத்தைப் பெரிதாக்கலாகாது, அதே அளவான உருவங்களின் எண்ணிக்கையையே கூட்டவேண்டும் என்பது அவர் வகுத்த விதி. கண்ணை ஏமாற்றாதிருத்தல் அவருக்கு அறமாகவும் அரசியலாகவும் இருந்தது.

இம்மூன்றும் நெடுங்காலம் நிலைக்கவில்லை. வ்கூத்தெமாஸ் 1930 இற் கலைக்கப்பட்டது. பௌஹவுஸ் நாஜிகளின் நெருக்குதலால் 1933 இல் மூடப்பட்டது. வியன்னாத் தொழிலாளர் இயக்கம் 1934 இல் நசுக்கப்பட்டபோது நொய்ராத் ஒல்லாந்துக்குப் புலம்பெயர்ந்தார். அவற்றின் பயிற்சிமுறைகள் எஞ்சி, உலகெங்கும் பரவி, பெருமளவில் விளம்பரத் தொழிலுக்குப் பணிபுரியலாயின. அவற்றை ஈன்ற சமூக வினாவோ வழியிலேயே கைவிடப்பட்டது.

இனிச் சப்ரகமுவவுக்கு வருவோம். களனிப் பள்ளத்தாக்கு இருப்புப்பாதை 1903 இல் எட்டியாந்தோட்டையையும் 1912 இல் இரத்தினபுரியையும் எட்டியது. தேயிலையோடு இறப்பரும் பெருகிய அக்காலத்தில், தமிழகத்தின் வறண்ட கிராமங்களிலிருந்து கங்காணிகளின் வாயிலாகத் தொழிலாளர் திரட்டப்பட்டனர். 1904 இலிருந்து திருச்சிராப்பள்ளியில் இயங்கிய இலங்கைத் தொழில் ஆணையகம் இவ்வாட்சேர்ப்பை ஒழுங்குபடுத்தியது. அவ்வாறு புறப்பட்ட தொழிலாளியின் உடலிற் கட்டப்பட்டது தகரச்சீட்டு. தோட்டத்தின் குறியும் இலக்கமும் பொறித்த அச்சிறு தகடு, வழியிலுள்ள அலுவலர்க்கெல்லாம் அவர் எத்தோட்டத்துக்கு உரியவர் என்பதை அறிவித்தது. சுருக்கம், தெளிவு, எளிதில் அழியாமை என வரைகலை ஆசிரியர் இன்று வேண்டும் பண்புகள் அனைத்தும் அதில் அமைந்திருந்தன. அதனை அணிந்தவரின் பெயர் யாதென அறியும் தேவை மட்டும் அதற்கு இருக்கவில்லை.

தோட்டத்தை அடைந்தபின் அவரது வாழ்வு செக்றோல் எனப்படும் பேரேட்டின் கட்டங்களுக்குள் நடந்தது. இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் மாதத்தின் நாட்களுக்குரிய சிறு கட்டங்கள், இறுதியில் மொத்தமும், அரிசிக்கும் முற்பணத்துக்குமான கழிவுகளும். ஒருநாள் வேலையைத் தோட்டத்து மக்கள் 'பேர்' என்றே வழங்கினர். எடுத்த கொழுந்து போதாதெனின் 'அரைப்பேர்' மட்டுமே விழும். மனிதரைச் சுட்டும் சொல் கட்டம் ஒன்றை நிரப்பும் அலகாக மாறிய இம்மொழிவழக்கு, உற்பத்தி உறவு ஒன்றின் துல்லியமான பதிவாகும். தோட்டம் விட்டுத் தோட்டம் மாறுவதற்குத் 'துண்டு' வேண்டியிருந்தது. இன்ன தொகைக் கடனைச் செலுத்தினால் இவ்வாட்களை விடுவிப்போம் எனத் துரை எழுதிக்கொடுத்த கடதாசி அது. 1921 ஆம் ஆண்டுச் சட்டம் அதனை ஒழிக்கும்வரை, தொழிலாளி கடனோடு கைமாற அது வழிசெய்தது.

இவற்றோடு தேயிலைப் பெட்டியை ஒப்பிடுதல் பயனுடைத்து. தகட்டில் வெட்டிய அச்சுக்கொண்டு தோட்டத்தின் குறியும் தேயிலையின் தரமும் நிறையும் அதன்மீது பெரிய எழுத்துக்களிற் பொறிக்கப்பட்டன. 1883 இல் தொடங்கிய கொழும்பு ஏலத்தில் தேயிலை அக்குறியின் பெயராலேயே விலைபோயிற்று. ஒரே தோட்டத்திலிருந்து வெளிப்பட்ட இருவகை எழுத்துக்களுள், பண்டத்தின் பெயர் உலகச் சந்தையை நோக்கி நின்றது; அதனை ஆக்கியோரின் பெயர் அலுவலகத்து அலுமாரிக்குள் கிடந்தது. முதன்மை ஒழுங்கு என்னும் பாடத்துக்கு இதனினும் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

கடதாசியின் அதிகாரம் உச்சமடைந்தது பிரசாவுரிமைப் பிரச்சினையிலேயாகும். 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. அடுத்த ஆண்டிற் கொண்டுவரப்பட்ட இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்கீழ் உரிமை கோருவோர், தொடர்ச்சியான வதிவை ஆவணங்களால் நிறுவவேண்டியிருந்தது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேர் மட்டுமே. தொழிலாளி தாமே எழுதாததும் அவர்க்காக எழுதப்படாததுமான பேரேடுகள், இப்போது அவர் இந்நாட்டில் வாழ்ந்தார் என்பதற்குச் சாட்சி கூற அழைக்கப்பட்டன. எழுதியவரின் காதுக்கேற்பத் திரிந்த பெயரொன்று ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தையே ஐயத்துக்குள்ளாக்க வல்லதாயிற்று. 1977 இலும் 1981 இலும் சப்ரகமுவத் தோட்டங்கள் வன்செயலுக்கு இலக்காகி லயன்கள் எரிந்தபோது, அங்குள்ளோர் இழந்தவற்றுள் இத்தகைய கடதாசிகளும் அடங்கும் என்பதை மறத்தலாகாது.

எனினும் இவ்வரலாறு ஒருபக்கமானதன்று. கோ. நடேசய்யர் 1921 இல் 'தேசநேசன்' இதழையும் 1924 இல் 'தேசபக்தன்' இதழையும் தொடக்கி, அச்செழுத்தைத் தொழிலாளர் பக்கத்துக்குக் கொணர்ந்தார். அவர்தம் துணைவியார் மீனாட்சி அம்மாள் ஆக்கிய பாடல்கள் சிறு பிரசுரங்களாகி, வாசிக்க வல்லார் ஒருவர் பாடப் பலர் கேட்கும் வகையிற் பரவின. 1931, 1936 ஆம் ஆண்டுகளின் அரசுக் கழகத் தேர்தல்களில் வேட்பாளர் ஒவ்வொருவர்க்கும் ஒரு நிறத்துப் பெட்டி ஒதுக்கப்பட்டமையும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. எழுத்தறியாதோரும் நிறத்தை வாசித்து வாக்களித்தனர். 1936 இல் கேகாலை மாவட்டத்து ருவான்வெல்லையில் என்.எம். பெரேரா வென்றது அத்தகைய தேர்தலிலேயே. 1947 இல் நிறத்தின் இடத்தைச் சின்னம் பெற்றது. நிறமும் சின்னமும் இங்கு அழகியற் பயிற்சிகளாக வரவில்லை. மக்கள் வரலாற்றினுள் நுழைந்த வாயில்களாகவே வந்தன.

1995 இல் நிறுவப்பட்ட சப்ரகமுவப் பல்கலைக்கழகம், பலாங்கொடைப் பகுதித் தோட்டங்களுக்கு அணித்தாகப் பெலிஹுல்ஓயாவில் அமைந்துள்ளது. மலையகத்துப் பிள்ளைகள் இன்று நாட்டின் பல்வேறு பல்கலைக்கழகங்களிலும் பயில்கின்றனர். அவர்கள் வரைகலையைக் கற்கும்போது எதிலிருந்து தொடங்குவது? உரோமன் எழுத்தின் பேரெழுத்துச் சிற்றெழுத்து வேறுபாட்டை முதன்மை ஒழுங்கின் ஆதாரமாகக் கொள்ளும் பாடம் தமிழுக்குப் பொருந்தாது. தமிழிற் பேரெழுத்து இல்லை. அழுத்தத்தைப் பருமனாலும் தடிப்பாலும் வெற்றிடத்தாலுமே காட்டவேண்டும். நீண்ட புணர்ச்சொற்கள் ஒடுங்கிய பத்தியில் இடர் விளைப்பவை. ஆதலின், சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் அளவெடுத்த படிவத்தில் எஞ்சிய இடத்தில் தமிழைத் திணிக்கும்போது, தமிழ் வாசகர் வாசிக்க இயலாதவராக்கப்படுகிறார். 1987 இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. படிவத்திலே தமிழ் வாசிக்கத்தக்கதாகும்வரை அவ்வுரிமை முழுமையடையாது.

ஆகவே, முதலாண்டுப் பயிற்சியாகத் தோட்டத்துச் சம்பளச் சீட்டையே எடுத்துக்கொள்ளலாம். எத்தனை நாள் வேலை, எவ்வளவு கூலி, 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதிக்குக் கழிந்தது எவ்வளவு, முற்பணத்துக்குக் கழிந்தது எவ்வளவு என்பவற்றைக் கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர் தாமே வாசித்துச் சரிபார்க்கும் வகையில் அதனைத் திருத்தியமைக்கட்டும். கோடு, கட்டம், எழுத்து, வெற்றிடம் ஆகிய அடிப்படைகள் அனைத்தும் அதில் அடங்கும்.

சீட்டின் வடிவத்தை மாற்றுவதனாற் கூலி உயராது என்பது மெய்யே. கூலியை உயர்த்துவது அணிதிரண்ட போராட்டமேயன்றிப் பிறிதில்லை. ஆயினும் தம் உழைப்பின் கணக்கை வாசிக்க இயலாதவர், அக்கணக்கை மறுத்து வழக்குரைத்தல் அரிது. தகரச்சீட்டிலிருந்து செக்றோல்வரை, தொழிலாளி பிறரால் வாசிக்கப்படும் பொருளாகவே வைக்கப்பட்டார். அவரை வாசகராக்கும் வடிவமைப்பே, அவ்வுழைப்பின் பயனால் வளர்ந்த இந்நாட்டின் பல்கலைக்கழகங்கள் கற்பிக்கவேண்டிய முதற்பாடமாகும்.