வேப்பேரியில் ஓர் ஆயத்த வாழ்வு

கர்த்தருடைய வருகைக்கு ஆயத்தமாயிருத்தலைப் பற்றிப் பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர்ப் பகுதிச் சபைகளில் நாம் அடிக்கடி பிரசங்கிக்கிறோம். ஆயத்தம் என்றவுடன் இராவிழிப்பும் உபவாசமுமே நம் நினைவுக்கு வருகின்றன. பூந்தமல்லி நெடுஞ்சாலையின் பட்டணத்து முனைக்கு அருகிலுள்ள வேப்பேரியில் வாழ்ந்த ஒருவரின் சரித்திரம் வேறொன்றையும் நமக்குக் காட்டுகிறது.

பப்ரிசியுஸ் ஐயர் 1742-ல் சென்னை மிஷனின் பொறுப்பை ஏற்றார். 1746-ல் பிரெஞ்சுக்காரர் பட்டணத்தைப் பிடித்தபோது அவர் பழவேற்காட்டிற்குச் செல்ல நேர்ந்தது. திரும்பி வந்து வேப்பேரியில் நிலைகொண்டபின், 1758 டிசம்பரில் லாலியின் படையெடுப்பில் மிஷன் இல்லம் சூறையாடப்பட்டது, மீண்டும் பழவேற்காடு. 1780-ல் ஐதர் அலியின் குதிரைவீரர் பரங்கிமலை வரை வந்தனர். சுற்றுப்புறக் கிராமத்தார் பட்டணத்தை நோக்கி ஓடிவந்தனர். நாளை என்பது எவருக்கும் உறுதியில்லாத காலம் அது.

அக்காலத்தில் அவர் செய்தது என்ன? தமிழ் வேதாகமத்தைச் சொல் சொல்லாகத் திருத்திக்கொண்டிருந்தார். 1761-ல் புதுச்சேரி வீழ்ந்தபோது ஆங்கிலேயர் கைக்கு வந்த அச்சுப்பொறி வேப்பேரிக்குக் கிடைத்தது. அரசாங்க அச்சுவேலையையும் செய்து தரவேண்டும் என்பது நிபந்தனை. அவ்வச்சகத்தில் 1772-ல் புதிய ஏற்பாடு வெளிவந்தது. பிரைட்ஹாப்ட் ஐயரோடு தொகுத்த தமிழ் - ஆங்கில அகராதி 1779-ல் வந்தது. அடுத்த படை வருமுன் முடியுமா என்று அவர் காத்திருந்திருப்பாராயின், ஒரு பக்கமும் அச்சேறியிராது.

எனினும், விசுவாசிகளும் பிறரும் நம்பி ஒப்புவித்த பணத்தை அவர் வட்டிக்குக் கொடுத்தார். அது திரும்பி வராமற்போகவே கடனாளியாகி, முதிர்வயதில் சிறையிலும் இருந்தார். இதை விட்டுவிட்டு அவருடைய சரித்திரத்தை எழுதுவது அவருக்குச் செய்யும் மரியாதையென்று நாம் கருதவில்லை. சொல்லில் அத்தனை விழிப்பாயிருந்தவர் கணக்கில் விழிப்பாயிருக்கவில்லை. மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் பத்துக் கன்னிகைகளின் உவமையை அடுத்தே தாலந்துகளின் உவமை வருகிறது. எஜமான் திரும்பி வந்து கணக்குக் கேட்கிறான். முன்னதை நாம் பிரசங்கிக்கும் அளவிற்குப் பின்னதைச் சபையின் கணக்குப் புத்தகத்தோடு சேர்த்துப் பிரசங்கிக்கிறோமா?

1788-ல் கெரிக்கே ஐயர் வேப்பேரியின் பொறுப்பை ஏற்றார். பப்ரிசியுஸ் ஐயர் 1791-ல் காலமானார். அவருடைய வேதாகம மொழிபெயர்ப்பு தமிழ் லுத்தரன் சபைகளில் இருபதாம் நூற்றாண்டிலும் வாசிக்கப்பட்டு வந்தது.