இரும்புக்கு வயசாகலை, கன்ட்ரோலருக்குத்தான் வயசாச்சு

இன்னைக்கு ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன். உங்க வீட்டு டிராயரைத் திறந்து பாருங்க. உள்ளே ஒரு பழைய போன் கிடக்கும். ஸ்க்ரீன்ல ஒரு கீறல்கூட இருக்காது, கேமரா நல்லா வேலை செய்யும். ஆனா அப்டேட் நின்னுபோச்சு, பேங்க் ஆப் திறக்காது. பொருள் சாகவில்லை, அதை இயக்கும் மென்பொருள்தான் செத்துப்போனது. என்கிட்டயும் அப்படி ஒண்ணு இருக்கு. தூக்கிப் போடவும் மனசு வரல, வெச்சுக்கிட்டு என்ன செய்யறதுன்னும் தெரியல.

இப்போ அந்த போனுக்குப் பதிலா பல டன் எடையுள்ள ஒரு மெஷினை நினைச்சுப் பாருங்க. சிஎன்சி மில்லிங் மெஷின். சுழலும் ஒரு கட்டரால் உலோகத்தைச் சீவிச் சீவி, கம்ப்யூட்டர் சொல்கிற வடிவத்துக்குக் கொண்டுவரும் இயந்திரம். உங்க பைக் என்ஜின்ல இருந்து விமான இறக்கை வரைக்கும் அதன் கைவண்ணம் இருக்கும். அதன் உடம்பு வார்ப்பிரும்பு. ஒழுங்காக எண்ணெய் போட்டுப் பார்த்துக்கொண்டால் நாற்பது, ஐம்பது வருடம் தாராளமாக உழைக்கும். ஆனால் பக்கத்தில் நிற்கிற கன்ட்ரோல் பெட்டிக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது. கெபாசிட்டர் காய்ந்துபோகும். உள்ளே இருக்கிற பேட்டரி தீர்ந்தால் மெஷினின் அளவுகள் எல்லாம் நினைவிலிருந்து அழிந்துபோகும். ஒரு சர்க்யூட் போர்டு போனால், அதைச் செய்த கம்பெனி 'அந்த மாடலை நிறுத்தி ரொம்ப நாளாச்சு'ன்னு சொல்லிவிடும்.

அப்போது இருக்கிற வழிகளில் ஒன்று, பழைய கன்ட்ரோலரைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றைப் பொருத்துவது. இதற்கு ரெட்ரோஃபிட் என்று பெயர். கேட்டா ஏதோ ரிப்பேர் வேலை மாதிரி தெரியும். ஆனா இந்தத் துறையோட மொத்த வரலாறும் இந்த ஒரு வேலைக்குள்ள அடங்கியிருக்கு. ஏன்னா, உலகத்தின் முதல் எண்வழிக் கட்டுப்பாட்டு மில்லிங் மெஷினே ஒரு ரெட்ரோஃபிட்தான்.

சரி, 1940களுக்குப் போவோம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் டிராவர்ஸ் சிட்டி என்று ஓர் ஊர். அங்கே ஜான் பார்சன்ஸ் என்பவரின் கம்பெனி ஹெலிகாப்டர் இறக்கைகள் செய்துகொண்டிருந்தது. இறக்கையின் குறுக்குவெட்டு வளைவு துல்லியமாக இருந்தாக வேண்டும். ஆனால் வரைபடத்தில் அந்த வளைவுக்குச் சில புள்ளிகள் மட்டும்தான் கொடுத்திருப்பார்கள். நடுவில் இருக்கிறதை வளைகோல் வைத்துக் கையால் வரைந்து நிரப்ப வேண்டும். பார்சன்ஸும் அவரிடம் வேலை பார்த்த என்ஜினியர் ஃபிராங்க் ஸ்டூலனும் இதற்கு வேறு வழி யோசித்தார்கள். அலுவலகக் கணக்குக்குப் பயன்பட்ட ஐபிஎம் துளை அட்டை இயந்திரத்தை வைத்து, வளைவில் ஏறத்தாழ 200 புள்ளிகளைக் கணக்கிட்டார்கள்.

அந்த எண்களை மெஷினுக்கு எப்படிச் சொல்வது? இங்கதான் சுவாரஸ்யம். ஒருத்தர் தாளைப் பார்த்து எண்களை உரக்க வாசிப்பார். இரண்டு ஆபரேட்டர்கள், ஆளுக்கு ஓர் அச்சின் கைச்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, அந்த எண் வரும்வரை திருப்புவார்கள். ஒரு புள்ளி முடிந்ததும் அடுத்தது. மூன்று மனிதர்கள் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டராக வேலை பார்த்தார்கள் என்றே சொல்லலாம். அந்தக் கைகளுக்குப் பதிலாக மோட்டார் வைத்தால் என்ன என்று பார்சன்ஸ் கேட்டார். அந்த யோசனைக்கு அமெரிக்க விமானப்படை 1949ல் பணம் கொடுத்தது. மோட்டார் கட்டுப்பாட்டு வேலைக்காக பார்சன்ஸ் எம்ஐடியின் சர்வோமெக்கானிசம்ஸ் ஆய்வகத்தை நாடினார்.

எம்ஐடி ஆட்கள் புது மெஷின் எதையும் வடிவமைக்கவில்லை. சின்சினாட்டி கம்பெனியின் 'ஹைட்ரோடெல்' என்ற மில்லிங் மெஷினை எடுத்துக்கொண்டார்கள். அது ஒரு மாதிரி வடிவத்தைத் தடவிப் பார்த்து அதேபோல வெட்டும் இயந்திரம். அந்தக் காப்பியடிக்கும் அமைப்பைக் கழற்றிவிட்டு, மூன்று அச்சுக்கும் சர்வோ கட்டுப்பாடு பொருத்தினார்கள். பழைய வால்வு ரேடியோவுக்குள் இருக்குமே, அந்த மாதிரிக் கண்ணாடிக் குழாய்களும் ரிலேக்களும் நிறைந்த அலமாரிகள் பக்கத்தில் நின்றன. துளை போட்ட காகித நாடா உள்ளே போகும், மெஷின் நகரும். 1952 செப்டம்பரில் இதை வெளியுலகத்துக்கு ஓட்டிக்காட்டினார்கள். இரும்பு பழையது, கன்ட்ரோல் புதியது. ரெட்ரோஃபிட்!

இதில் ஒரு வருத்தமான பகுதியும் உண்டு. செலவு ஏற ஏற, விமானப்படை எம்ஐடியோடு நேரடியாக ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. யோசனையைத் தொடங்கிவைத்த பார்சன்ஸ் ஓரத்துக்குப் போனார். 1985ல்தான் பார்சன்ஸுக்கும் ஸ்டூலனுக்கும் அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் கிடைத்தது.

இந்த இடத்துல கொஞ்சம் நிக்கணும். ஏன்னா அதே காலத்துல இன்னொரு பாதையும் திறந்திருந்தது. நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனக்டடியில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி 'ரெக்கார்ட் பிளேபேக்' என்ற முறையை முயன்றுபார்த்தது. கைதேர்ந்த ஒரு தொழிலாளி முதல் பாகத்தைத் தன் கையாலேயே வெட்டுவார். மெஷினின் ஒவ்வொரு அசைவும் காந்த நாடாவில் பதிவாகும். அடுத்தடுத்த பாகங்களை அந்த நாடாவை ஓட்டியே வெட்டிக்கொள்ளலாம். அதாவது அறிவு தொழிலாளியின் கையிலிருந்து வருகிறது, மெஷின் அதைத் திருப்பிச் செய்கிறது. எம்ஐடி முறையில் அறிவு அலுவலகத்தில் எழுதப்படுகிறது, நாடாவாகத் தொழிற்கூடத்துக்கு இறங்கி வருகிறது.

எழுத்தாளர் கர்ட் வானகட் அப்போது அதே ஜெனரல் எலக்ட்ரிக்கின் விளம்பரப் பிரிவில் வேலை பார்த்தவர். அங்கே தானாக ஓடிய ஒரு மில்லிங் மெஷினைப் பார்த்த அனுபவம்தான் 'பிளேயர் பியானோ' நாவலுக்கு விதை என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அந்த நாவல் வெளியானதும் 1952தான். ஒரு பக்கம் எம்ஐடியில் நாடா ஓடுகிறது, இன்னொரு பக்கம் 'இனி இந்த மனுஷங்க என்ன செய்வாங்க?'ன்னு ஒரு நாவல் கேட்குது.

டேவிட் நோபல் என்ற வரலாற்றாசிரியர் 1984ல் 'ஃபோர்சஸ் ஆஃப் ப்ரொடக்‌ஷன்' என்ற புத்தகத்தில் இதை விரிவாக எழுதினார். எம்ஐடி வழி ஜெயித்ததற்குத் தொழில்நுட்பம் மட்டும் காரணம் இல்லை, வேலையின் மீதான பிடியைத் தொழிலாளியிடமிருந்து வாங்கிக்கொள்ள நிர்வாகங்கள் விரும்பியதும் ஒரு காரணம் என்பது அவர் வாதம். எனக்கு இதில் பாதி சம்மதம். விமானப்படைக்குத் தேவைப்பட்ட சில இறக்கை வளைவுகளை எவ்வளவு தேர்ந்த கையாலும் வெட்டிக்காட்டுவது கடினம். அங்கே எண்கள் வேண்டியிருந்தன. ஆனால் நோபல் சொன்ன இன்னொரு பாதியை மறுக்க முடியவில்லை. மெஷினுக்கு முன்னால் நிற்கிறவருக்குத் திறக்க முடியாத ஒரு பெட்டி வந்து சேர்ந்தது. கெட்டுப்போனால் கம்பெனியைத்தான் கூப்பிட வேண்டும்.

நாற்பது வருடம் கழித்து, அந்தப் பெட்டி தொழிலாளிக்கு மட்டுமில்லை, முதலாளிக்கும் தலைவலியாகிவிட்டது. ஒவ்வொரு கம்பெனியின் கன்ட்ரோலரும் தனித்தனி உலகம். உள்ளே எட்டிப் பார்க்க முடியாது, ஒன்றின் பாகம் இன்னொன்றில் சேராது. 1994ல் ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிரைஸ்லர் மூன்றும் சேர்ந்து ஒரு அறிக்கை எழுதின. எங்களுக்குத் திறந்த அமைப்புள்ள, பிரித்து மாற்றக்கூடிய கன்ட்ரோலர் வேண்டும் என்று. யோசிச்சுப் பாருங்க, சந்தையில பரம எதிரிகளா இருக்கிற மூணு பேர் ஒரே பேப்பர்ல சேர்ந்து கேட்கிறாங்கன்னா, வலி எவ்வளவு இருந்திருக்கும்!

இதே சமயத்தில் அமெரிக்க அரசின் அளவை நிறுவனமான நிஸ்ட், 'என்ஹான்ஸ்டு மெஷின் கன்ட்ரோலர்', சுருக்கமாக ஈஎம்சி, என்ற மென்பொருளை எழுதிக்கொண்டிருந்தது. சாதாரண கம்ப்யூட்டரை வைத்துத் தொழிற்சாலை மெஷினை ஓட்ட முடியுமா என்பதுதான் கேள்வி. 1990களின் நடுவில், மிச்சிகனின் பாண்டியாக் நகரில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்கூடத்தில், நான்கு அச்சு கொண்ட ஒரு கேர்னி அண்டு டிரெக்கர் மெஷினில் அதைப் பொருத்தி ஓட்டினார்கள். மறுபடியும் பழைய இரும்பு, புதிய கன்ட்ரோல். பார்சன்ஸ் வாழ்ந்த அதே மிச்சிகன்.

'கம்ப்யூட்டர்ல மோட்டார் ஓட்டறது என்ன பெரிய விஷயம்?'ன்னு நீங்க கேட்கலாம். சின்னதா ஒரு கணக்கு போடுவோம். கட்டர் நிமிடத்துக்கு 600 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்கிறது. அதாவது வினாடிக்கு 10 மில்லிமீட்டர். உங்க லேப்டாப் ஏதோ யோசனையில் பத்தில் ஒரு வினாடி உறைந்தால், வீடியோவில் உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. இங்கே அதற்குள் கட்டர் 1 மில்லிமீட்டர் போயிருக்கும். வேலை குப்பைக்கு, சமயத்தில் கட்டரும் குப்பைக்கு. அதனால்தான் சாதாரண இயங்குதளம் போதாது. சொன்ன நேரத்துக்குச் சொன்ன வேலையை முடிக்கும் ரியல் டைம் அமைப்பு வேண்டும். நிஸ்ட் குழு வேறு சில இயங்குதளங்களை முயன்ற பிறகு, நியூ மெக்சிகோவில் உருவான ஆர்டி லினக்ஸுக்கு வந்தது. இன்றைக்கு இந்த மென்பொருள் பொதுவாக ஒரு மில்லிசெகண்டுக்கு ஒருமுறை மோட்டாரைக் கவனிக்கிறது. அதே வேகத்தில் பார்த்தால், ஒவ்வொரு 0.01 மில்லிமீட்டருக்கும் ஒரு பார்வை.

அந்தப் பார்வையில் நடப்பது இதுதான். மோட்டாரோடு இணைந்த என்கோடர் 'நான் இப்போ இங்க இருக்கேன்'னு சொல்லும். கன்ட்ரோலர் 'நீ அங்க இருக்கணுமே'ன்னு கணக்குப் போடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்து மோட்டாருக்குத் தள்ளு கொடுக்கும். தள்ளு குறைந்தால் கட்டர் பின்தங்கும், கூடினால் மெஷின் நடுங்கும். இந்த அளவைப் பிடிப்பதுதான் ரெட்ரோஃபிட் செய்கிறவர்களின் பொறுமையைச் சோதிக்கிற வேலை. பல சமயம் பழைய மோட்டாரையும் என்கோடரையும் அப்படியே வைத்துக்கொள்வார்கள், அலமாரியிலிருந்து வரும் கட்டளை மட்டும் மாறும். அவசர நிறுத்த பட்டனை மட்டும் மென்பொருளை நம்பி விடமாட்டார்கள். கம்ப்யூட்டர் தொங்கினாலும் மின்சாரம் துண்டிக்கப்படுகிற மாதிரி நேரடியாக வயர் செய்வார்கள். இன்னொன்றும் சொல்லிடறேன். மெஷினின் தடங்களும் ஸ்க்ரூவும் தேய்ந்திருந்தால், எந்தப் புது கன்ட்ரோலரும் அதைச் சரி செய்யாது. ரெட்ரோஃபிட் எல்லாத்துக்கும் மருந்து இல்லை.

இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதிக்கு இப்போது வருகிறேன். அமெரிக்கச் சட்டப்படி, அரசு ஊழியர்கள் வேலையின் பகுதியாக எழுதுவதற்கு அந்த நாட்டில் காப்புரிமை கிடையாது. ஈஎம்சியை எழுதியது அரசு நிறுவனம். அப்படியென்றால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொண்டார்கள். சொந்தமாகச் சின்னப் பட்டறை வைத்திருந்தவர்கள், வார இறுதியில் கராஜில் மெஷின் ஓட்டியவர்கள் எல்லாம் அதைத் தங்கள் பழைய மெஷின்களில் பொருத்தினார்கள். தப்பு கண்டுபிடித்தார்கள், திருத்தினார்கள். 2000 வாக்கில் அது ஒரு சமூகத்தின் மென்பொருளாக மாறியது. பிறகு வந்த பதிப்பில், எந்த சிக்னல் எங்கே போக வேண்டும் என்பதை மென்பொருளுக்குள்ளேயே வயர் இழுப்பதுபோல இணைக்கும் வசதி வந்தது. ஒவ்வொரு பழைய மெஷினும் ஒவ்வொரு மாதிரி இருக்கும் உலகத்தில் இது பெரிய உதவி. 2011ல், ஈஎம்சி என்ற பெயரையே கொண்ட ஒரு பெரிய டேட்டா சேமிப்பு நிறுவனம் ஆட்சேபித்ததால், பெயர் லினக்ஸ்சிஎன்சி ஆனது. இன்றைக்கும் அதே பெயரில் இருக்கிறது, இலவசமாக.

இதைச் செய்யும் ஆளை யோசித்துப் பாருங்கள். 1952ல் மெஷினுக்கு முன்னால் நின்றவருக்கு நாடாவில் என்ன இருக்கிறது என்று கேட்கும் உரிமை இல்லை. இன்றைக்குப் பழைய மெஷினில் லினக்ஸ்சிஎன்சி பொருத்துகிறவர், மோட்டார் ஏன் நடுங்குகிறது என்று நிரலுக்குள்ளேயே போய்ப் பார்க்கலாம். 'கன்ட்ரோல்' என்ற சொல்லுக்கு அந்தப் பெட்டி என்றும் அர்த்தம், பிடி யார் கையில் என்றும் அர்த்தம். பெட்டி மாறும்போதெல்லாம் பிடியும் கை மாறியிருக்கிறது. முதல் ரெட்ரோஃபிட்டில் தொழிற்கூடத்திலிருந்து அலுவலகத்துக்குப் போனதில் கொஞ்சமாவது, இந்தப் பட்டறைகளில் திரும்பி வந்திருக்கிறது.

கொஞ்சம்தான். புதிதாக விற்கும் மெஷின்களில் பெரும்பாலானவை இன்றும் மூடிய கன்ட்ரோலரோடுதான் வருகின்றன. கார், டிராக்டர், போன் எல்லாவற்றிலும் இதே கேள்வி இருக்கிறது. அடுத்த முறை ஒரு பொருள் வாங்கும்போது விலை, கேமரா, மைலேஜ் எல்லாம் கேளுங்க. கூடவே இதையும் கேளுங்க: 'நீங்க சப்போர்ட்டை நிறுத்தின பிறகு, இதை நானே திறந்து மாத்த முடியுமா?'

நான் அந்த டிராயர் போனை இந்த வாரம் வெளியே எடுத்துட்டேன். அதுல வேற இயங்குதளம் போட முடியுமான்னு பார்க்கப்போறேன். என்ன ஆச்சுன்னு அடுத்த எபிசோடுல சொல்றேன்.