தோட்டப் பள்ளிக்கூடம்

கடல் கடந்து குடியேறிய ஒரு ஜனசமூகத்துக்கு முதல் தலைமுறையில் ஜீவனமே பெருங்கவலை என்றால், இரண்டாம் தலைமுறையில் பாஷையே பெருங்கவலையாகிவிடுகிறது. அந்த இரண்டாவது கவலைக்கு, கையில் பொருளோ ஏட்டுப் படிப்போ அதிகமில்லாத ரப்பர்த் தோட்டத் தொழிலாளிகள், இன்று மலேசியாவின் பகுதியான மலாயாவில் எவ்விதம் ஈடுகொடுத்தார்கள் என்னும் சரித்திரம், உத்தியோக நிமித்தம் அயல்நாட்டில் குடித்தனம் செய்து, தமிழில் கேட்ட கேள்விக்குப் பிள்ளை வேற்றுமொழியில் விடை சொல்வதைக் கேட்டு மனம் சலிக்கும் இக்காலத்துப் பெற்றோருக்குப் பெரிதும் பயன்படக்கூடியது.

மலாயாவில் தமிழ்க் கல்விக்கு 1816-ஆம் ஆண்டையே தொடக்கமாகக் கொள்வது வழக்கம். பாதிரியார் ஹட்சிங்ஸ் அவ்வாண்டில் நிறுவிய ‘பினாங்கு ஃப்ரீ ஸ்கூல்’ என்னும் வித்தியாசாலையில் தமிழ் வகுப்பு ஒன்றும் இடம்பெற்றது. ஆயினும் அது துறைமுகப் பட்டணத்து முயற்சி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மோட்டார் வண்டிகளின் பெருக்கத்தால் ரப்பருக்குக் கிராக்கி ஏறி, பேராக், சிலாங்கூர், கெடா, ஜொகூர் எங்கும் காடழித்துத் தோட்டங்கள் போடப்பட்ட பின்னரே, நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய தமிழ்க் குடும்பங்கள், ஆள் திரட்டி மேய்க்கும் கங்காணியின் பின்னே சென்று, கித்தாக் காடு எனப்பட்ட ரப்பர்த் தோட்டங்களுக்குள் பெருந்திரளாகக் குடியேறின.

அக்காடுகளில் பள்ளிக்கூடங்கள் எழுந்தது துரைமார்களின் வித்தியாபிமானத்தால் அன்று. 1922-இல் இந்தியாவில் குடிபெயர்வுச் சட்டம் இயற்றப்பட்டு, தொழிலாளிகளின் க்ஷேமத்தைக் கவனிக்க மலாயாவில் இந்திய அரசாங்கத்தின் ஏஜெண்டு ஒருவர் அமர்த்தப்பட்டார். குடும்பத்தோடு வந்து நிலைத்துத் தங்கும் ஆளே லாபகரமானவன் என்பதை முதலாளிகளும் உணர்ந்திருந்தனர். இத்தகைய சூழ்நிலையிலேதான், 7 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் 10 பேருக்குக் குறையாமல் வசிக்கும் தோட்டம் ஒவ்வொன்றிலும் நிர்வாகமே பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது.

சட்டத்தை நிறைவேற்றினோம் என்று காட்டுவதற்கு எவ்வளவு குறைவாகச் செய்ய முடியுமோ அவ்வளவே பல தோட்டங்களில் செய்யப்பட்டது. தொழிலாளிகள் குடியிருந்த வரிசை வீடுகளாகிய லயத்தின் கோடியில் தகரக் கூரையிட்ட ஒரு கொட்டகை. எல்லா வகுப்புக்கும் ஒரே உபாத்தியாயர். அவரும் சில இடங்களில், தம் வேலைக்கு நடுவே பாடம் சொல்லித்தரும் கங்காணியாகவோ, கணக்கெழுதும் கிராணியாகவோ இருப்பார். பாடநூல் தமிழ்நாட்டிலிருந்து வந்தமையால், காவேரியைப் பற்றி ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளைக்குத் தன் தோட்டத்தருகே ஓடும் ஆறு எங்கே பிறக்கிறதென்று தெரியாது. காலையில் தாய் தந்தையருடன் காட்டுக்குப் போய், பால் பிடிக்கும் மங்குகளைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, ரப்பர்ப் பால் காய்ந்து ஒட்டிய விரல்களோடு பிற்பகலில் சிலேட்டுப் பிடித்த பிள்ளைகள் அநேகர்.

இத்தனை குறைபாடுள்ள ஓர் ஏற்பாட்டால் பாஷை எப்படி நிலைத்தது என்று கேட்டால், அதற்கு விடை பள்ளிக்கூடத்துக்கு வெளியே இருக்கிறது. விடியுமுன், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு மணி அடித்ததும், தாயானவள் கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுத் தான் பால்வெட்டும் மரவரிசையாகிய நிரைக்குப் போவாள். அங்கே வயது முதிர்ந்த பாட்டி ஒருத்தி, சேலையில் கட்டிய தூளிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஆட்டிக்கொண்டு, தன் ஊரில் தான் கேட்ட தாலாட்டையே அத்தனை குழந்தைகளுக்கும் பாடுவாள். சற்று வளர்ந்த பிள்ளை லயத்து வாசலில் ஆடிய ஆட்டமும், போட்ட சண்டையும், மாரியம்மன் திருவிழாவில் விடிய விடியக் கண்விழித்துப் பார்த்த கூத்தும் தமிழிலேயே நடந்தன. கோலாலம்பூரில் 1924-இல் தோன்றிய ‘தமிழ் நேச’னையும், சிங்கப்பூரில் 1935-இல் தோன்றிய ‘தமிழ் முர’சையும் படிக்கத் தெரிந்தவர் உரக்கப் படிக்க, தெரியாதவர் சுற்றியமர்ந்து கேட்டனர். பள்ளி எழுத்தைத் தந்தது. பாஷையைத் தந்தது லயமே.

ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு மாண்டனர், பள்ளிகளும் நிலைகுலைந்தன. யுத்தம் முடிந்தபின், தாய்மொழிப் பள்ளிகளுக்குப் பதிலாக மலாயும் ஆங்கிலமும் பயிற்றும் தேசியப் பள்ளிகளே வேண்டும் என்று 1951-இல் கல்வியை ஆராய்ந்த பார்ன்ஸ் குழு சிபாரிசு செய்தபோது தமிழரும் சீனரும் ஆட்சேபித்தனர். 1956-இன் ரசாக் கல்வி அறிக்கைதான் தமிழ்த் தொடக்கப் பள்ளிக்குத் தேசியக் கல்வி முறையில் ஓரிடம் தந்தது. அதே ஆண்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை தொடங்கியது. அங்கே தமிழுக்கு உரிய ஸ்தானம் கிடைக்க வேண்டுமென்று ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் பெயரால் நிதி திரட்டினார். பத்தாண்டு கழித்து, 1966-இல், முதலாவது உலகத் தமிழ் மாநாடு கூடியதும் கோலாலம்பூரிலேதான்.

ஆனால் இப்பெருமையின் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. தமிழ்ப் பள்ளி ஆறாம் வகுப்போடு நின்றது. அதற்குமேல் ஆங்கிலத்துக்கோ மலாய்க்கோ மாற வேண்டிய பிள்ளை, அப்படி மாற வசதியின்றிப் பால்வெட்டும் உளியைத் தூக்கிக்கொண்டு பெற்றோரின் நிரைக்கே திரும்பினான். தமிழைக் காத்த பள்ளியே அவனைத் தோட்டத்தில் கட்டிப்போட்டது என்னும் குற்றச்சாட்டில் உண்மை உண்டு; எனினும் அந்தப் பழி, மேலே ஏறப் படி அமைக்காதவர்களைச் சேருமேயல்லாமல் பாஷையைச் சேராது.

1957-இல் தேசம் சுதந்திரமடைந்தபோது 800-க்கு மேலிருந்த தமிழ்ப் பள்ளிகள் இன்று 500-க்குச் சற்று மேற்பட்டவையாகக் குறைந்திருக்கின்றன. தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டும், ரப்பர் போய்ச் செம்பனை வந்தும், குடும்பங்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தும் லயங்கள் கலைந்தபோது, அவற்றைச் சார்ந்து நின்ற பள்ளிகளும் பிள்ளைகளின்றி வெறிச்சோடின. எஞ்சியவை தமிழையே பயிற்றுமொழியாகக் கொண்டு இன்றும் நடைபெறுகின்றன.

அயல்நாட்டில் அடுக்கு வீடு ஒன்றில் தனியே வாழும் இக்காலத்துத் தம்பதிகளுக்கு லயமும் இல்லை, ஆயாக்கொட்டகையும் இல்லை. ஆகையால், சனிக்கிழமை வகுப்பில் பிள்ளையைச் சேர்த்ததோடு கடமை தீர்ந்ததென்று இராமல், அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களோடு போக்குவரத்து வைத்துக்கொள்ளுங்கள். பாட்டனையும் பாட்டியையும் ஆண்டில் சில மாதமேனும் உடன் இருத்திக்கொள்ளுங்கள். தமிழில் சண்டை போட்டுத் தமிழில் சமாதானமாவதற்கு வயதொத்த தோழன் ஒருவனைப் பிள்ளைக்குத் தேடிக் கொடுங்கள். இலக்கணத்தைப் பிறகு கற்பிக்கலாம்.