மோகனூர் ஆற்றில் அமெரிக்கக் கழுகா?

போன மாதம் மோகனூர் காவிரிக் கரையில் வெள்ளைத் தலையோடு ஒரு பறவை வட்டமடித்தது. "டேய், அமெரிக்கக் கழுகுடா!" என்று அடித்துச் சொன்னான் என் வகுப்பு நண்பன். பி.காம். படிப்பவர்களின் பறவையறிவு அவ்வளவுதான் (என்னையும் சேர்த்துத்தான்). உற்றுப் பார்த்தால் நெஞ்சும் வெள்ளை, மற்றதெல்லாம் செங்கல் நிறம். கும்பாபிஷேகத்தில் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்வோமே, அதே கருடன்! செம்பருந்து என்றும் சொல்வார்கள்.

ராசிபுரம் வந்து தேடினால் ஒரு ஆச்சரியம். 1760ல் பிரிசோன் என்ற பிரெஞ்சு அறிஞரும் இதைக் கழுகு என்றுதான் எழுதியிருக்கிறார். வைத்த பெயர் 'பாண்டிச்சேரிக் கழுகு'. பாண்டிச்சேரி அப்போது பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது. 1761ல் ஆங்கிலேயரிடம் விழுந்தது. 1783ல் போடார்ட் என்ற டச்சுக்காரர் 'ஃபால்கோ இண்டஸ்' என்று பெயர் மாற்றினார். அமெரிக்கக் கழுகையும் லின்னேயஸ் 1766ல் ஃபால்கோவில்தான் சேர்த்திருந்தார்! இன்று இரண்டும் தனித்தனிப் பேரினம், ஆனாலும் நெருங்கிய சொந்தம். என் நண்பன் ரொம்பவும் தப்பில்லை.

அமெரிக்கக் கழுகை 'மொட்டைக் கழுகு' என்று எழுதுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. லின்னேயஸ் வைத்த 'லூகோசெபாலஸ்' என்பதற்கு வெண்தலை என்றே பொருள். தலை நிறைய இறகு இருக்கும்போது மொட்டை எங்கே வந்தது?

ஆற்றுப் பாலத்தில் நிற்கும்போது வாலைப் பாருங்கள். அமெரிக்கக் கழுகுக்கு வாலும் வெள்ளை, கருடனுக்குச் செந்நிறம். இளம் கருடன் பழுப்பாக இருப்பதால் கரும்பருந்து மாதிரியே தெரியும். கரும்பருந்தின் வால் நுனி கவை போல் பிளந்திருக்கும், கருடனுக்கு உருண்டை.