பெயரால் அன்று, ஊரால் அறியப்படும் குலம்

திருப்பெரும்புதூர், ஒரகடம் வட்டாரம் இன்று கார் ஆலைகளால் அறியப்படுகிறது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலும் 2010இல் ஒரகடத்திலும் பெரும் ஆலைகள் உற்பத்தியைத் தொடங்கின. விளைநிலங்கள் கைமாறின, அவற்றோடு பிணைந்த குடும்ப நினைவுகளும் மங்கி வருகின்றன. முன்னோரைத் தேடும் சமணக் குடும்பங்களுக்கு ஆங்கிலேயர் கால ஆவணங்கள் இங்குத் துணையாகின்றன.

இவ்வட்டாரத்தை உள்ளடக்கிய செங்கற்பட்டு ஜாகீர் 1763இல் ஆற்காட்டு நவாபால் கம்பெனிக்கு அளிக்கப்பட்டது. பொறியாளர் தாமஸ் பர்னார்டு 1767 முதல் 1774 வரை ஊர்தோறும் நிலத்தையும் குடிகளையும் கணக்கெடுத்தார். 1871ஆம் ஆண்டின் மக்கள்தொகை அறிக்கை எண்ணிக்கையைத் தருமேயன்றிக் குடும்பப் பெயர்களைத் தராது. அக்குறையை ஓரளவு நீக்குவன, 1858இல் அமைந்த இனாம் கமிஷனின் பதிவேடுகள். மானியத்தின் நோக்கம், நிலப்பரப்பு, முதலில் பெற்றவர், அந்நாளைய அனுபவதாரர் ஆகிய விவரங்கள் அவற்றில் உள்ளன.

எனினும் பெயரை மட்டும் நம்புதல் தகாது. நயினார், முதலியார், உடையார் முதலிய பட்டங்கள் பிற சமூகத்தார்க்கும் உரியன. ஒரே பெயரை எழுத்தர்கள் ஆங்கிலத்தில் பலவாறு எழுதினர். அதனால் பிறர் குலவரலாற்றைத் தமதெனக் கொள்ளும் பிழை நேரக்கூடும். ஊர்ப்பெயரும் நிலவிவரமும் பெயரோடு பொருந்தினால்தான் உறவு உறுதிப்படும்.

ஆகவே, எழும்பூர் ஆவணக் காப்பகத்தை நாடுமுன், வீட்டிலுள்ள பழைய பட்டாவையும் பாகப்பிரிவினைப் பத்திரத்தையும் தேடியெடுத்தல் நன்று. மூத்தோர் கூறும் ஊர்ப்பெயர்களையும் இன்றே எழுதி வைத்தல் வேண்டும். ஏடு படியெடுத்துச் சாத்திரதானம் செய்த மரபினர்க்கு இப்பணி புதிதன்று.